பியானோ மீதிருந்த கோப்பைகள்

'போஹீமியன் ராப்ஸடி' படத்தில் யார் என்ன குறை சொன்னாலும் குயின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ரசிகர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது: பாட்டு நன்றாக இருந்தது, கடைசி இருபது நிமிடம் உடம்பு சிலிர்த்தது, வேறென்ன வேண்டும்? 2018இல் வெளியான இந்தப் படம் உலகெங்கும் 90 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. குழுவின் பாடகர் ஃப்ரெட்டி மெர்க்குரியாக நடித்த ராமி மாலெக்குக்குக் கிடைத்ததோடு சேர்த்து நான்கு ஆஸ்கர் விருதுகளை வாங்கியது. விமர்சகர்களில் பலர் முகம் சுளித்தார்கள். ரசிகர்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அந்த ரசிகர்களின் வாதத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுகிறேன். இது ஆவணப்படம் அல்ல, கதைப்படம். பதினைந்து ஆண்டு வாழ்க்கையை இரண்டேகால் மணி நேரத்துக்குள் அடக்க வேண்டும் என்றால் முன்னே பின்னே மாற்றத்தான் வேண்டியிருக்கும். குழுவில் இருந்த பிரையன் மேயும் ராஜர் டெய்லரும் கூடவே நின்று எடுக்க வைத்த படம். அவர்களுக்கு இல்லாத அக்கறை நமக்கு எங்கிருந்து வந்தது? ஃப்ரெட்டி இறந்து பல ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர்கள்கூட இன்று அவர் பாட்டைக் கேட்கிறார்கள் என்றால் அது இந்தப் படத்தால்தான். ஆகவே எந்தப் பாட்டு எந்த ஆண்டு வந்தது என்று கணக்குப் பார்ப்பவருக்கு இசையின் ருசி தெரியாது.

இந்த வாதம் தவறு. ரசிகரின் பெயரால் வைக்கப்படுவதால் இரட்டிப்புத் தவறு. ஒரு கலைஞரைப் பற்றிப் பொய் சொன்னால் முதலில் கோபப்பட வேண்டியவர் ரசிகர்தான். ஆண்டுக்கணக்கு பிசகியது என் புகார் இல்லை. படத்தில் செய்யப்பட்ட பெரிய மாற்றங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்திருப்பது தெரியும். ஒவ்வொன்றும் மெர்க்குரியின் தலையில் ஒரு பழியை ஏற்றுகிறது, அல்லது மற்றவர்கள் தோளிலிருந்து ஒரு பழியை இறக்குகிறது. தற்செயலாக நடக்கும் பிழை நாலா பக்கமும் சிதறும். இது சிதறவில்லை.

1. சுருக்குவதற்காகத்தான் மாற்றினார்களா? சில இடங்களில் ஆம், அவற்றை நான் எதிர்க்கவில்லை. மேயும் டெய்லரும் 'ஸ்மைல்' என்ற குழுவை நடத்தியபோதே மெர்க்குரி அவர்களுக்குப் பழக்கமானவர். படத்தில் ஸ்மைலின் பாடகர் விலகிய அதே இரவில் திடீரென்று எதிரே வந்து நிற்கிறார். ஜான் டீக்கன் 1971இல்தான் வந்தார், அவருக்கு முன் பேஸ் கிதார் வாசித்த சிலர் வந்து போயிருந்தார்கள். படத்தில் முதல் மேடையிலேயே நிற்கிறார். 1978இல் வந்த பாட்டை எழுபதுகளின் நடுவில் நடக்கும் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் பாடுகிறார்கள். இவற்றால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் குழு உடைந்து சேரும் கதையைப் பாருங்கள். படத்தின்படி மெர்க்குரி மற்றவர்களுக்குத் தெரியாமல் 40 லட்சம் டாலருக்குத் தனி ஆல்பம் ஒப்பந்தம் போடுகிறார், மனம் நோகப் பேசிவிட்டுப் பிரிகிறார், தனியாகச் சீரழிகிறார், லண்டன் வெம்ப்லி அரங்கின் 'லைவ் எய்ட்' நிவாரணக் கச்சேரி நெருங்கும்போது மன்னிப்புக் கேட்டுத் திரும்புகிறார். நடந்தது என்ன? முதலில் தனி ஆல்பம் வெளியிட்டவர் டெய்லர், 1981இல். பிரையன் மே 1983இல் தன் தனி முயற்சியை வெளியிட்டார். மெர்க்குரியின் ஆல்பம் 1985 ஏப்ரலில்தான் வந்தது. இடையில் 1984இல் 'தி வொர்க்ஸ்' என்ற குழுவின் ஆல்பம் வந்தது, அதற்கான சுற்றுப்பயணம் 1985 மே மாதம் ஜப்பானில் முடிந்தது. லைவ் எய்ட் ஜூலை 13. இரண்டு மாதத்துக்கு முன்புவரை ஒரே மேடையில் நின்றவர்களைப் பல ஆண்டுகள் பிரிந்திருந்தவர்களாகக் காட்டுகிறார்கள். 1985 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவில் அவர்கள் வாசித்த பெருவிழாவை எழுபதுகளுக்குத் தூக்கிப் போட்டதும் இதற்குத் தோதாகிவிட்டது. சுருக்கம் என்றால் ஏதாவது குறைந்திருக்க வேண்டும். இங்கே நடக்காத ஒரு பிரிவைச் சேர்த்து, அதற்குப் படத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கியிருக்கிறார்கள். இதற்குப் பெயர் சுருக்கம் இல்லை.

அந்தச் சமரசக் காட்சியை நெருங்கிப் பார்க்க வேண்டும். வழக்கறிஞரின் அறை. மூவர் ஒரு பக்கம், மெர்க்குரி ஒரு பக்கம். அவர் தாழ்ந்துபோய்ப் பேசுகிறார். பேசி முடித்ததும் மே அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்கிறார். கதவு சாத்தப்படுகிறது, ஏன் அனுப்பினாய் என்று கேட்டால், சும்மா தோன்றியது என்கிறார் மே. அரங்கம் சிரிக்கிறது. பிறகு நிபந்தனை வைக்கிறார்கள்: இனி எல்லாப் பாட்டும் நால்வர் பெயரில், வருமானம் சமபங்கு. பாடல்களைத் தனித்தனிப் பெயர் போடாமல் 'குயின்' என்று மட்டும் போடும் ஏற்பாடு உண்மையில் 1989இன் 'தி மிராக்கிள்' ஆல்பத்தில்தான் வந்தது. நால்வரும் சேர்ந்து செய்துகொண்ட அந்த ஏற்பாட்டை நான்கு ஆண்டு முன்னே இழுத்துவந்து, ஒரு குற்றவாளி கட்டும் அபராதமாக மாற்றியிருக்கிறார்கள். தேதியை மாற்றுவது வேறு, பழியை மாற்றுவது வேறு.

இதைவிட முக்கியம், அந்த ஆண்டுகளில் குழுவின் மேல் உண்மையாகவே ஒரு கறை இருந்தது என்பது. 1984 அக்டோபரில், நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் போய் வாசித்தார்கள். கலைஞர்கள் அங்கே போகக் கூடாது என்ற புறக்கணிப்பு அப்போது நடப்பில் இருந்தது. பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கம் அவர்களுக்கு அபராதம் விதித்தது. ஐக்கிய நாடுகள் சபையின் கறுப்புப் பட்டியலிலும் பெயர் ஏறியது. அந்த அவப்பெயரோடுதான் ஒன்பது மாதம் கழித்து, ஆப்பிரிக்கப் பஞ்ச நிவாரணத்துக்கான லைவ் எய்ட் மேடையில் ஏறினார்கள். ஒரு திரைக்கதையாசிரியர் இதைவிடக் கனமான ஒரு நெருக்கடியைக் கற்பனை செய்துவிட முடியாது. படத்தில் சன் சிட்டி என்ற சொல்லே வரவில்லை. அது நால்வரும் சேர்ந்து சுமக்க வேண்டிய கறை. அதைத் துடைத்துவிட்டு, ஒருவர் மட்டும் சுமக்க ஒரு கறையைப் புதிதாகச் செய்து கொடுத்திருக்கிறார்கள்.

2. நோயைத் தேதி மாற்றி வைத்தது மன்னிக்க முடியாதது. படத்தில் மெர்க்குரி லைவ் எய்டுக்கு முன்பே தனக்கு எய்ட்ஸ் என்று அறிகிறார், ஒத்திகையில் நண்பர்களிடம் சொல்கிறார், அவர்கள் கட்டிக்கொள்கிறார்கள், அந்தச் சாவு நிழலோடு வெம்ப்லி மேடை ஏறுகிறார். அவரோடு வாழ்ந்த ஜிம் ஹட்டன் எழுதி வைத்திருப்பதன்படி, அவருக்கு நோய் உறுதியானது 1987இல். ரசிகர்கள் இந்த மாற்றத்தைத்தான் அதிகம் நியாயப்படுத்துகிறார்கள், கடைசிக் காட்சிக்கு உணர்ச்சி கூடுகிறதாம். கூடத்தான் செய்கிறது. எதைக் கொடுத்து அதை வாங்கினார்கள் என்று பார்க்க வேண்டாமா? முதலாவது, அந்த இருபத்தொரு நிமிடம் அதன் சொந்த அர்த்தத்தை இழக்கிறது. அன்று மேடையில் நின்றவர் முப்பத்தெட்டு வயதுக்காரர். தொழில் முழுக்கக் கைவந்தவர். மாலை வெளிச்சத்தில், தங்களைப் பார்க்கவென்றே வராத எழுபதாயிரத்துச் சொச்சம் பேரை, ஒளியமைப்புகூட இல்லாமல் தன் குரலுக்குக் கட்டுப்படுத்தினார். அதைச் சாகப்போகிறவரின் கடைசி ஆவேசமாக மாற்றினால், அவருடைய திறமைக்கு உரிய பெருமையை நோய்க்குக் கொடுத்தது போல ஆகிறது. இரண்டாவது, படத்தில் நோய் வரும் வரிசையைக் கவனியுங்கள். குழுவை விட்டுப் போனார், கெட்ட சகவாசம் சேர்ந்தார், இரவு விடுதிகளில் திரிந்தார், நோய் வந்தது, திருந்தினார், மன்னிக்கப்பட்டார். செய்ததற்குக் கிடைத்தது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. காட்சிகளை அடுக்கிய வரிசை சொல்லிவிடுகிறது. எய்ட்ஸ் நோயாளிகளின் மேல் எண்பதுகளில் சமூகம் சுமத்திய கொடுமையான தீர்ப்பு இதுதான். அந்த நோயால் இறந்த ஒருவரின் பெயரில் எடுத்த படமே அதைத் திரும்பச் சொல்வது பெரிய அநியாயம்.

மூன்றாவது இழப்புதான் எனக்கு மிகவும் வலிப்பது. 1987க்கும் 1991க்கும் இடையில் அவர் செய்த வேலை படத்தில் இல்லவே இல்லை. ஓபரா பாடகி மோன்செராட் கபாயேவோடு பாடிய 'பார்சலோனா' இல்லை; 'தி மிராக்கிள்' இல்லை; 'இன்யுவெண்டோ' இல்லை. 1990இல் 'தி ஷோ மஸ்ட் கோ ஆன்' பாட்டுக்கான மெட்டை வைத்துக்கொண்டு, இவ்வளவு உச்சத்தில் இந்த உடம்போடு பாட முடியுமா என்று மே தயங்கினார். மெர்க்குரி ஒரு மடக்கு வோட்கா குடித்துவிட்டுப் போய்ப் பாடி முடித்தார் என்று மேயே பலமுறை சொல்லியிருக்கிறார். நோயை அறிந்த மனிதர் நோயோடு என்ன செய்தார் என்பதற்குச் சாட்சி அந்த நான்கு ஆண்டுகள். அவற்றை வெட்டி எறிந்துவிட்டு, நோயை மட்டும் எடுத்துக்கொண்டுபோய் 1985இல் ஒட்டியிருக்கிறார்கள்.

3. கெட்டவர்கள் யார் என்று பார்த்தீர்களா? படத்தில் மெர்க்குரியைப் பாழாக்குபவர் பால் பிரெண்டர் என்ற உதவியாளர். ஆண்களை விரும்பும் ஆண். இருட்டிலிருந்து வருபவர், தொலைபேசிச் செய்திகளை மறைப்பவர். பிரெண்டர் உத்தமர் என்று நான் வாதாடவில்லை. வேலையிலிருந்து நீக்கப்பட்ட பிறகு 1987இல் ஒரு பத்திரிகைக்கு மெர்க்குரியின் அந்தரங்கத்தை விற்றவர்தான் அவர். ஆனால் படத்தில் அவர் ஒரு தனிமனிதராக மட்டும் வரவில்லை. மெர்க்குரி காதலித்த மேரி ஆஸ்டினோடு இருக்கும் காட்சிகளில் வீடு, வெளிச்சம், மென்மை. ஆண்களோடு இருக்கும் காட்சிகளில் சிவப்பு விளக்கு, தோல் சட்டை, போதை, தனிமை. ஹட்டன் ஒருவர் விதிவிலக்கு, அவருக்கும் மிஞ்சியது சில நிமிடங்கள். கடைசி ஆறு ஆண்டு கூடவே இருந்து நோயில் பணிவிடை செய்தவர், முடிதிருத்தும் தொழில் செய்தவர். படத்தில் விருந்துக்குப் பரிமாற வந்த ஆளாகத் தோன்றுகிறார். ம்யூனிக் நகரத்தைப் பாருங்கள். படத்தில் அது மெர்க்குரி தனியாகப் போய் அழுகும் இடம். உண்மையில் அங்கிருந்த ம்யூசிக்லேண்ட் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு நால்வரும்தான் போனார்கள். அமெரிக்கத் தரவரிசையில் குயினுக்கு முதலிடம் வாங்கித் தந்தவை இரண்டே பாடல்கள்: மெர்க்குரி ஒரு ம்யூனிக் ஓட்டலில் குளியல் தொட்டியில் கிடந்தபடி எழுதிய 'கிரேஸி லிட்டில் திங் கால்டு லவ்', டீக்கன் எழுதிய 'அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்'. இரண்டும் அந்தக் கூடத்தில் பதிவானவை. குழுவுக்கே பெரிய விளைச்சல் தந்த ஊரை ஒருவருடைய வீழ்ச்சியின் களமாக்கியது எந்தச் சுருக்கத்தின் பொருட்டு?

4. திருந்தி வரும் மகன் கதைக்காக அவர் இளமைக் கதையையும் மாற்றினார்கள். ஃபரூக் பல்சாரா 1946இல் சான்சிபாரில் பிறந்த பார்சிப் பையன். எட்டு வயதில் மகாராஷ்டிரத்துப் பஞ்ச்கனியில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். ஃப்ரெட்டி என்று அவரை முதலில் அழைத்தவர்கள் அங்கிருந்த பள்ளித் தோழர்கள். அங்கேதான் 'ஹெக்டிக்ஸ்' என்ற மாணவர் குழுவில் பியானோ வாசித்தார். இத்தனை வளமான இளமைக்குப் படத்தில் ஒரு காட்சி இல்லை. இருப்பது கண்டிப்பான தகப்பனார், அவர் சொல்லும் ஜரதுஷ்டிர நெறி, அதிலிருந்து விலகும் பிள்ளை. லைவ் எய்ட் அன்று காலையில் ஹட்டனைக் கண்டுபிடித்து, வீட்டுக்குக் கூட்டிப்போய், தகப்பனாரிடம் அணைப்பு வாங்கி, அங்கிருந்து மேடைக்குப் போகிறார். பார்சி என்பது படத்துக்கு அவரைக் குற்றவாளியாக்கும் அளவுகோலாக மட்டும் பயன்படுகிறது. 1991இல் அவருடைய இறுதிச் சடங்கை ஜரதுஷ்டிரக் குருமார்கள்தான் நடத்தினார்கள். அந்த உறவு ஒரு காலை நேரத்து மன்னிப்பால் உண்டானதல்ல.

5. கூட இருந்தவர்களே ஒப்புக்கொண்ட படம் என்கிறார்கள். ரசிகர்களின் கையில் இருக்கும் வலுவான துருப்பு இது. மேயையும் டெய்லரையும் நான் சந்தேகிக்கவில்லை. மெர்க்குரி இறந்த சில மாதங்களில் வெம்ப்லியில் நினைவு நிகழ்ச்சி நடத்தியவர்கள். அவர் பெயரில் எய்ட்ஸ் நிவாரண அறக்கட்டளை தொடங்கி இன்றுவரை நடத்துபவர்கள். அவர்கள் அன்பு நிஜம். ஆனால் அன்பு இருப்பதால் மட்டும் ஒருவர் தன் வழக்கில் தானே நீதிபதியாக முடியாது. படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர் குழுவின் மேலாளர் ஜிம் பீச். மறுத்துப் பேச வேண்டிய மெர்க்குரி இல்லை. பிரெண்டர் 1991இல் இறந்தார், ஹட்டன் 2010இல் இறந்தார். டீக்கன் தொண்ணூறுகளின் கடைசியில் இசையுலகை விட்டே விலகிவிட்டார். உயிரோடிருந்து பேசுபவர்கள் படத்தில் பொறுமைசாலிகள், குடும்பஸ்தர்கள், விருந்து அளவு மீறும்போது மனைவியோடு வீட்டுக்குக் கிளம்புபவர்கள். தப்பு செய்தவர்கள் எல்லோரும் பேச முடியாதவர்கள். இதில் சதி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தன் நினைவில் தானே கொஞ்சம் நல்லவராகத் தெரிவது மனித சுபாவம். அதனால்தான் சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை செய்கிறோம்.

6. எல்லாப் படமும் இப்படித்தானே என்பார்கள். இல்லை. 1984இல் வந்த 'அமடேயஸ்' மொசார்ட்டைப் பற்றி நடக்காததை ஏராளமாகச் சொல்கிறது. ஆனால் அதைச் சொல்பவர் மனநோய் விடுதியில் இருக்கும் கிழவர் சாலியேரி, பொறாமையால் வெந்தவர். அவர் சொல்வதை அப்படியே நம்பாதே என்று படமே நமக்குச் சைகை காட்டுகிறது. இன்னும் கிட்டத்து உதாரணம், 2019இல் எல்டன் ஜானைப் பற்றி வந்த 'ராக்கெட்மேன்'. 'போஹீமியன் ராப்ஸடி'யின் இயக்குநர் நடுவில் நீக்கப்பட்டபோது மீதியை எடுத்து முடித்த டெக்ஸ்டர் ஃபிளெட்சர்தான் அதன் இயக்குநர். அதில் பாடகர் பியானோவோடு காற்றில் மிதக்கிறார், கேட்பவர்களும் தரையை விட்டு எழுகிறார்கள். 1970இல் நடக்கும் கச்சேரியில் பிற்பாடு வந்த பாட்டு ஒலிக்கிறது. யாரும் புகார் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. இது ஒரு மனதுக்குள் ஓடும் கதை என்று முதல் காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது. 'போஹீமியன் ராப்ஸடி' நேர்மாறானது. மாலெக்கின் வாயில் செயற்கைப் பல் கட்டினார்கள். பழைய விமானத்தளம் ஒன்றில் வெம்ப்லி மேடையை எழுப்பினார்கள். அன்றைய நிகழ்ச்சியில் பியானோ மேல் யாரோ வைத்துவிட்டுப் போன பெப்சிக் கோப்பைகளைக்கூட அதே இடத்தில் அடுக்கினார்கள். காண்பது எல்லாம் நடந்தபடியே என்று ஒவ்வொரு கோப்பையும் நமக்கு உறுதி சொல்கிறது. அந்த உறுதிமொழியை நம்பித்தான் பியானோ முன் உட்கார்ந்த மனிதருக்கு அன்று என்ன தெரிந்திருந்தது என்ற பொய்யையும் விழுங்குகிறோம். கோப்பையைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டவர்கள் அவருடைய நோயைப் பற்றி அதில் கால்பங்காவது பட்டிருக்கலாம்.

அதே காட்சியில் இன்னொன்று. குயின் வாசிக்கத் தொடங்கியதும் நன்கொடைத் தொலைபேசிகள் அலறத் தொடங்குவதாகக் காட்டுகிறார்கள். அன்று மக்கள் மனதை உலுக்கியது குயினுக்கு அடுத்து வந்த டேவிட் போவி, தன் பாட்டுகளில் ஒன்றை விட்டுக்கொடுத்துத் திரையிட வைத்த எத்தியோப்பியப் பஞ்சக் காட்சிகள். எலும்பும் தோலுமான குழந்தைகளைப் பார்த்துப் பணம் கொடுத்த மக்களின் இரக்கத்தையும் எடுத்துக் கதாநாயகனின் மீட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

7. புதியவர்களைக் கூட்டிவந்ததே என்பதுதான் எஞ்சியிருக்கும் வாதம். கூட்டிவந்தது உண்மை, அதில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் யாரிடம் கூட்டிவந்தது? பத்தொன்பது வயதில் முதல்முறை மெர்க்குரியைத் தெரிந்துகொள்ளும் ஒருவருக்கு, அவர் நல்ல நண்பர்களை விட்டுப் போய் ஆண்களோடு சேர்ந்து கெட்டு, நோய் வாங்கி, மன்னிப்புக் கேட்டவர். இந்த அறிமுகத்தைக்கூடச் சில நாடுகள் பொறுக்கவில்லை. சீனத்தில் வெளியிட்டபோது அவர் ஆண்களை விரும்பியதற்கான காட்சிகளை வெட்டிவிட்டார்கள். வெட்டிய பிறகும் கதை குழப்பமில்லாமல் ஓடியது என்றால், அந்த வாழ்க்கைக்குப் படம் முதலிலேயே எவ்வளவு குறைவாக இடம் கொடுத்திருந்தது என்று யோசியுங்கள். பாட்டுதான் முக்கியம் என்றால் அந்தப் பாட்டுக்குப் படம் தேவையில்லை. லைவ் எய்டின் ஒளிப்பதிவு இருக்கிறது, அசல் மனிதர் அதில் இருக்கிறார். அசலுக்குக் கூடுதலாகப் படம் தருவது விளக்கம் மட்டும்தான், அந்த விளக்கம்தான் பொய்.

'தி ஷோ மஸ்ட் கோ ஆன்' படத்தில் வரவே இல்லை என்று சொல்ல முடியாது. வருகிறது. கதை முடிந்து, அவர் இறந்த தேதி எழுத்தில் வந்து போய், இன்னொரு பாட்டும் ஓடிய பிறகு, தொழில்நுட்பக் கலைஞர்களின் பெயர்கள் மேலேறும்போது வருகிறது. சாகும் உடம்போடு அவர் பாடிய பாட்டு அது. அதற்குள் அரங்கில் விளக்கைப் போட்டிருப்பார்கள். பாதிப் பேர் எழுந்து வாசலை நோக்கி நடந்துகொண்டிருப்பார்கள்.